நான் கைகாட்டிய கொலையாளி

சஃபாரித் துணி வேர்வையை உறிஞ்சாது, இன்ஸ்பெக்டர் மேடம். தைக்கக் கொடுக்கும்போது எந்தத் தையற்காரரும் இதைச் சொல்வதில்லை. காஞ்சிபுரத்து வைகாசியில் அதை மாட்டிக்கொண்டு ஒரு பெரிய மனிதரின் முதுகுக்குப் பின்னால் நின்று பாருங்கள். பாலாற்றில் ஓடாத தண்ணீரெல்லாம் உங்கள் முதுகில் ஓடும். ஐப்பசியிலும் அப்படித்தான், நீங்களே பார்க்கிறீர்கள். அந்த மின்விசிறியைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் கேட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன். என்னை மிரட்ட வேண்டியதில்லை. நான் பதற்றப்படுகிற ஆள் இல்லை.

முதலில் மாணிக்கவேல் அய்யாவைப் பற்றி. செத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய ஃபிளெக்ஸில் இருந்ததை மட்டும் சொல்கிறேன். 'தாமல் தந்த தங்கம்', 'பட்டுச் செம்மல்', 'நெசவாளர் நெஞ்சத்து நிலா.' நிலா தாமல் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடும்பத்தில் பிறந்தது. தறிக்குழியில் ஒருநாளும் கால் வைத்தது கிடையாது. கொஞ்சம் நிலத்தை விற்று இங்கே பட்டுக்கடை போட்டது, கட்சியில் ஒன்றிய அளவில் ஒரு பதவி வாங்கியது, பிறகு தன்னைத் தானே தலைவர் என்று அழைக்க ஆரம்பித்தது. நெசவாளர்களுக்கு நூலையும், தறியில் நீளவாக்கில் பூட்டுகிற பாவு நூலையும் கடை கொடுக்கும். தறியும் முதுகுவலியும் அவர்களுடையது. புடவை கடைக்கு வந்து சேரும்.

அந்தக் கடை வாசலில் கதவு திறக்கிறவன் நான். கல்யாணக் கோஷ்டிகள் வரும், நான் திறப்பேன், உள்ளே போவார்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்த்ததில்லை. கதவு தானாகத் திறந்துகொண்டது என்றே நினைத்திருப்பார்கள். இதை வருத்தமாகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

தை அமாவாசையன்று அய்யா மீது நடந்த 'கொலை முயற்சி'யை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமாவாசைக்கு அமாவாசை கடை வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பதும் என் வேலைதான். காயில் துளை போட்டு, குங்குமத்தைக் கொட்டி, கற்பூரம் ஏற்றி, சுற்றி, நடு வாசலில் ஓங்கிப் போட்டேன். சதையை ஓரமாகத் தள்ளுவதற்குள் அய்யாவின் கார் வந்து நின்றுவிட்டது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. ஒரு கால் பூசணிக்காய்மேல் பட்டது. மறு விநாடி செம்மல் தரையில் கிடந்தார்.

கிடந்தபடியே வேட்டியில் சிவப்பைப் பார்த்தார். "குத்திட்டானுங்கடா, புடிங்கடா அவன" என்று அலறினார். கூட வந்த கட்சிக்காரர்கள் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் கடையைச் சுற்றி ஓடி, மறுபடியும் அவர் முன்னாலேயே வந்து மூச்சு வாங்கினார்கள்.

அப்போதுதான் லோகேஷ் பேசினான். செவிலிமேட்டுத் தறிக்காரன். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி. நெய்து முடித்த புடவையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்திருந்தான்.

"அய்யா, அது ரத்தம் இல்லிங்க, குங்குமம். மீசையில வெதை ஒட்டிக்கினு இருக்குது பாருங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அதுவரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முகூர்த்தப் புடவை எடுக்க வந்த பெண்கள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லோகேஷ் என் பக்கம் திரும்பினான். "இன்னாணா, கதவத் தொறக்கச் சொன்னா மொதலாளியவே கவுத்துட்ட" என்று என் தோளில் தட்டினான். என்னைவிட வயதில் சிறியவன். இதையும் தகவலுக்காகத்தான் சொல்கிறேன். பிறகு நடந்ததற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

தலைவர் வழுக்கி விழுந்தார் என்று ஊர் பேசக்கூடாது. ஆகவே சாயங்காலத்துக்குள் அது சதியாகிவிட்டது. துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் தன் பின்னால் நிற்க வேண்டும் என்பது அய்யாவின் நெடுநாள் ஆசை. அது இல்லாதவரைக் கல்யாண மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார வைக்கிறார்களாம். அதிகாரி ஒருவரைப் போய்ப் பார்த்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பூசணிக்காய் மேல கேஸ் போட முடியாதுங்களே" என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்த அய்யா வாசலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் உயரம். மீசை உண்டு. பெயர் வேறு வீரபாகு. மறுநாளே சஃபாரி தைக்க அளவு எடுத்தார்கள்.

கறுப்புக் கண்ணாடி வந்தது. காதில் செருக ஒரு வயர் வந்தது. அதன் மறுமுனை என் சட்டைப்பையில் எதோடும் சேராமல் கிடந்தது. ஆனால் நான் அதைத் தொட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. டீக்கடையில் எனக்கு முதல் டீ வந்தது. கதவுகளை இப்போது எனக்கு வேறு யாரோ திறந்தார்கள். அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை.

நான் முன்பு இருந்த இடத்துக்கு மறுபடியும் போவது என்றால் என்னவென்று உங்களுக்குப் புரிய வேண்டும், மேடம். அது புரிந்தால்தான் மீதி புரியும். மெய்க்காப்பாளன் என்கிறவன் பாதி ஆள். மீதிப் பாதி கொலையாளி. கொலையாளி வராவிட்டால் இவன் வெயிலில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிற வெறும் உருப்படி. சித்திரை போய் வைகாசியும் வந்தது. அய்யாவைக் கொல்ல ஒருவரும் வரவில்லை. உள்ளதைச் சொன்னால், அவரைக் கொல்ல வேண்டிய அவசியம் இந்த ஜில்லாவில் ஒருவருக்கும் இல்லை. அவர் அவ்வளவு முக்கியமானவர் இல்லை. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் கோபம் வந்தது.

"இன்னா வீரபாகு," என்றார் ஒருநாள் காரில். "இத்தினி மாசமா என்னை ஒரு கொசுகூடக் கடிக்கல. பேசாம மறுபடியும் கதவாண்டயே போயிடறியா?"

"ஒருத்தன் மேல கண்ணு வெச்சுக்கினு இருக்கேங்கய்யா."

"யாருபா?"

"தறிக்கார லோகேஷ்."

"அந்த நோஞ்சானா?"

"அந்த மாதிரி ஆளத்தாங்கய்யா அனுப்புவாங்க. சந்தேகம் வராதுல்ல."

அய்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அனுப்புவாங்கன்னா? யாரு?"

"பெரிய எடம்யா."

"பெரிய எடமா?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டார். எனக்கும் ஓர் இலை போடச் சொன்னார்.

அந்தப் பெயர் ஏன் என் வாயில் வந்தது என்று கேட்கிறீர்கள். தொழில் அனுபவம். நல்ல காவலனுக்கு உள்ளே ஏதோ ஒன்று சொல்லும்.

அன்றிலிருந்து நான் லோகேஷைத் தொடர்ந்தேன். மறைந்து தொடரவில்லை. மறைந்து தொடர்ந்தால் அது யாருக்குத் தெரியும்? அவன் டவுன் பஸ்ஸில் ஏறினால் நான் பின்னால் பைக்கில் போனேன். அவன் டீ குடித்தால் எதிரே நின்றேன். அவன் யாரோடாவது பேசினால், பேசியவரைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன பேசினான்?" என்று அமைதியாகக் கேட்டேன். வேறெதுவும் சொல்ல மாட்டேன். மறுநாள் அந்த ஆள் லோகேஷோடு பேச மாட்டார். ஊரில் ஒருவனைச் சந்தேகத்துக்கு ஆளாக்குவது அவ்வளவு எளிது. மூளையே தேவையில்லை, பெட்ரோல் இருந்தால் போதும்.

தொடக்கத்தில் அவன் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டான். செவிலிமேட்டில் அவன் வீட்டுக்கு எதிரே ஒரு மத்தியானம் நின்றுகொண்டிருந்தேன். டம்ளரில் மோர் கொண்டுவந்து நீட்டினான்.

"ஏன்ணா வெயில்ல காயற? உள்ள வந்து குந்து. கொலகாரன் எப்பிடி நெய்யறான்னு பார்த்துட்டுப் போ."

போனேன். தறியில் அவனுக்குப் பக்கத்தில் அவன் மனைவி ஜெயப்ரியா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "யம்மாடி, கண்ணாடியக் கழட்டுங்கணா, பட்டு கலரு தெரியாது" என்றாள். இருவரும் சிரித்தார்கள். தறியும் சேர்ந்து சத்தம் போட்டது. நான் மோரைக் குடித்தேன். அந்தத் தறியைக் கவனமாகப் பார்த்தேன்.

அது கோர்வைத் தறி. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய வேண்டும். உடலுக்கு, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாவை லோகேஷ் வீசுவான், ஒரு பக்கத்துக் கரைக்கு ஜெயப்ரியா வீசுவாள். அவள் நிறுத்தினால் அவனும் நிறுத்த வேண்டியதுதான். வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள், ஒரு நெசவாளியை முடக்க வேண்டுமென்றால் கையை ஒடிக்க வேண்டும், தறியைக் கொளுத்த வேண்டும் என்று. காட்டுமிராண்டித்தனம். பக்கத்தில் இருப்பவரை எழுப்பிவிட்டால் போதும்.

ஜெயப்ரியாவின் அம்மா காந்தா, ஏனாத்தூரில் இருக்கிறார். காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறார். நல்ல மனுஷி. போய் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மரியாதையாகத்தான் பேசினேன்.

"உங்க மருமகன் மேல பெரிய கேஸ் ஒண்ணு வருதும்மா. கூலிக்குக் கொலை. உங்க பொண்ணு பேரு அதுல வராம பாத்துக்கணும்னு அய்யா நெனைக்கிறாரு."

"எம்மருமகன் கோழி அறுக்கவே பயப்படும்பா."

"அந்த மாதிரி ஆளுங்கதாம்மா கோர்ட்ல மாட்டிக்கிறாங்க. பொண்ணக் கொஞ்ச நாள் இங்க வெச்சுக்கோங்க. குழந்தையையும்."

காந்தாம்மா எழுந்து போய் ஓர் இலையைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு எனக்குச் சோறு போட்டார். அந்த வாரமே மகளையும் பேரனையும் அழைத்துப் போய்விட்டார். ஜெயப்ரியா பஸ் ஏறும்போது நான் எதிர்ப்புறம் நின்றேன். அன்று அவள் சிரிக்கவில்லை.

லோகேஷ் கரைக்கு நாடா வீசக் கூலிக்கு ஆள் தேடினான். பக்கத்துத் தெரு மேரி அக்கா இரண்டு நாள் வந்து உட்கார்ந்தார். அவர் வீட்டு எதிரிலும் போய் நின்றேன். மூன்றாம் நாள் அவர் வரவில்லை. புடவை பாதியில் நின்றது. கெடு தாண்டியது. கடை தன் பாவு நூலைத் திரும்பக் கேட்டது நியாயம்தானே? அதை வாங்கி வர நான்தான் போனேன். பாதிப் புடவையோடு தறியிலிருந்து அறுத்தெடுக்க வேண்டும். "நானே அறுத்துத் தரேண்ணா" என்றான். கத்தியை இழைமேல் வைத்தான், எடுத்தான், மறுபடியும் வைத்தான். புடவை அறுக்க வைத்திருந்த கத்தியை அவன் கையிலிருந்து வாங்கி நானே அறுத்தேன். வேலை முடிந்ததும் கத்தியை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இந்த நாட்களில் அய்யா பூரித்துப் போயிருந்தார். மேடைக்கு மேடை, "என் உயிருக்கு விலை வைத்திருக்கிறார்கள்" என்றார். முதல் வரிசையில் நாற்காலி கிடைத்தது. 'மரணத்தை வென்ற மாணிக்கம்' என்று புது ஃபிளெக்ஸ் அடித்தார்கள். அதில் அவருக்குப் பின்னால் என் தோள் தெரியும்.

ஐப்பசியில் சஷ்டிக்குக் காப்புக் கட்டினேன். எங்கள் தெரு நெசவாளர்கள் சூரசம்ஹாரத்தன்று முருகனுடைய படைவீரர்களாக வேஷம் கட்டி சாமிக்கு முன்னால் போவது வழக்கம். ஒன்பது பேர். எங்கள் குடும்பத்துக்குச் சேனாதிபதி வீரபாகு வேஷம். அப்பா கட்டியது, இப்போது நான் கட்டுகிறேன். அந்த விரதத்தின் நடுவில் ஒருநாள் லோகேஷ் என்னைத் தேடி வந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"நான் இன்னாணா பண்ணேன்? சொல்லு, கால்ல வுழறேன். எங்கிட்ட யாருமே பேசறதில்லணா. ஏனாத்தூருல என் புள்ளயே என்னப் பார்த்து உள்ள ஓடுது."

"அய்யாவக் கொல்லப் பார்க்கிற. அதான் பண்ண."

"எனக்கு ஏண்ணா அவர் மேல கோவம்? அவர் பாவம், உளறிக்கினு கீறாரு. நின்னு நின்னு என்னை அறுத்தவன் நீதான்."

அவன் கண்ணைப் பார்த்தேன். அதில் பழைய லோகேஷ் இல்லை. பல மாதம் பாடுபட்டவனுக்குத்தான் அந்தத் திருப்தி தெரியும். அன்றைக்குத்தான் முதன்முறையாக அவன் ஒரு கொலைகாரனைப்போல இருந்தான்.

"சம்ஹாரத்தன்னிக்கு சாயங்காலம் கோயில் தெருவுக்கு வா," என்றேன். "அய்யா வருவாரு. நானும் இருப்பேன். எல்லார் எதிர்லயும் பேசித் தீர்த்துக்கலாம்."

ஆமாம், நான்தான் வரச் சொன்னேன். அவன் வருவான் என்றும், வெறுங்கையோடு வர மாட்டான் என்றும் தெரியும். கத்தியை அவன் அய்யாமீது ஓங்கும்போது, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சேனாதிபதி அந்தக் கையைப் பிடிக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கீறல் விழுந்திருக்காது. லோகேஷ் உள்ளே போயிருப்பான், அய்யாவுக்குப் பெயர், எனக்கு வேலை நிலைத்திருக்கும்.

அன்று சாயங்காலம் தெருவில் தலைகள்தான் தெரிந்தன. தாரை தப்பட்டை, பட்டாசு. நான் அட்டைக் கிரீடம், ஜிகினா மார்க்கவசம், மரவாள். சூரனுடைய யானைத்தலை விழுந்து அடுத்த தலை வைப்பதற்கு முன்னால் ஓர் இடைவெளி விடுவார்கள். அதில் அய்யா மாலையோடு உள்ளே புகுந்தார். சாமிக்குப் போட வேண்டிய மாலையைத் தானே கொஞ்ச நேரம் கழுத்தில் வைத்துக்கொண்டு படம் எடுக்கச் சொன்னார். நான் அவருக்கு இடப்பக்கம், ஒரு சாண் பின்னால்.

லோகேஷ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். வலது கை துண்டுக்குள் இருந்தது. நான் வாளைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தயாராக வைத்துக்கொண்டேன். எல்லாம் ஒத்திகை பார்த்ததுபோல நடந்தது. ஒன்று மட்டும் பிசகியது. அவன் அய்யாவைப் பார்க்கவே இல்லை. மாலை போட்ட அந்த மனிதர் தெருவில் ஒரு விளக்குக் கம்பம் என்பதுபோல அவரைத் தாண்டி என்னை நோக்கி வந்தான்.

துண்டு விழுந்தது. கத்தி என் பக்கம் வந்தது. அய்யாவின் தோளைப் பிடித்து என் முன்னால் இழுத்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் ரெக்கார்டில் இருக்கிறது. லோகேஷ் கத்தியை அவர் விலாவில் விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் அவன்மேல் விழுந்து அமுக்கினேன். கிரீடம்கூடச் சாயவில்லை. இரண்டு நாள் என்னைத் தோளில் தூக்கினார்கள். அய்யாவின் இரங்கல் ஃபிளெக்ஸில் என் படம் அவருடைய படத்தைவிட ஒரு விரல்கடைதான் சிறியது. அப்புறம் யாரோ ஒரு பையன் மாடியிலிருந்து எடுத்த வீடியோவை நீங்கள் மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். நான் அவரைத் தள்ளிவிடவில்லை, இழுத்திருக்கிறேன் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். சரிதான். இழுத்தது என் கைதான்.

பயத்தில் இழுத்தாயா என்று நீங்கள் கேட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அப்படி எழுதிவிடாதீர்கள். எனக்கு இடப்பக்கம் இடம் காலியாகக் கிடந்தது. ஓர் அடி நகர்ந்திருந்தால் கத்தி காற்றில் போயிருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். நகர்ந்தால் மறுநாள் ஊர் என்ன பேசும்? லோகேஷ் வீரபாகுவைக் குத்த வந்தான், சொந்தப் பகை, அய்யாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று பேசும். இத்தனை மாதம் வெயிலில் நின்றது, ஏனாத்தூருக்குப் போனது, பாவு நூலை அறுத்தது எல்லாம் ஒரு கதவு திறக்கிறவனுடைய வன்மம் என்றாகிவிடும். அவன் அய்யாவைக் கொல்ல வந்தவன் என்று நான் சொன்னேன். அது உண்மையாக இருக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதுவும் அந்த ஒரு நொடிக்கு மட்டும்தான் இருந்தது.

லோகேஷ் இன்னமும் வேறு ஏதோ சொல்லி அழுகிறானாம். அவன் அப்படித்தான் சொல்வான். நீங்கள் நடந்ததை மட்டும் பாருங்கள், மேடம். யார் கொல்லுவான் என்று நான் முன்கூட்டியே சொன்னேனோ அவன்தான் கொன்றான், யாரைக் கொல்லுவான் என்று சொன்னேனோ அவர்தான் செத்தார். காவல் வேலையில் இதைவிடத் துல்லியமாக ஒருவன் என்ன செய்துவிட முடியும்?